நூற்று நாற்பத்திரண்டு டிக்

மனித குலம் இதுவரை கண்ட அழிவுகளுக்கெல்லாம் காரணம் போர் அல்ல, பஞ்சம் அல்ல, கொள்ளை நோயும் அல்ல. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடத்தில், மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டானே ஒருவன், அவன்தான் காரணம்.

இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தவன் துப்பறிவாளன் கடுகு. கண்டுபிடித்த நாளிலிருந்து சுற்றியிருந்த யாரையும் அவன் நிம்மதியாக இருக்கவிடவில்லை.

கடுகு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. சூடு பட்டால் வெடிப்பான். சூடு படாவிட்டாலும் வெடிப்பான். பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

"நான் என் கல்யாணப் பதிவேட்டையே முழுசாப் படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்," என்றான், டாக்சியின் முன்சீட்டிலிருந்து கழுத்தைத் திருப்பி. "நாப்பது நிமிஷம். மாமனார் நாற்காலியிலயே தூங்கிட்டாரு."

"பொண்ணு?" என்று கேட்டார் பின்சீட்டிலிருந்த டீச்சர்.

"அவளையும் படிக்கச் சொன்னேன்."

"படிச்சுமா சம்மதிச்சாங்க?"

டீச்சர் இருபத்தெட்டு வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து, ஒரு நாள் சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தவர். ஏன் நடந்தார் என்று யாரிடமும் சொன்னதில்லை. இப்போது ஐம்பத்து நான்கு வயதில் கடுகுக்கு உதவியாளர். அவனை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லில் மரியாதை எத்தனை பங்கு, நக்கல் எத்தனை பங்கு என்பதைக் கடுகு இன்னும் துப்பறிந்து முடிக்கவில்லை.

டீச்சருக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாகக் கடுகின் தங்கை. பிசியோதெரபிஸ்ட். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுவீடாகப் போய், மடங்காத முட்டியை மடக்கி, நிமிராத விரலை நிமிர்த்திவிட்டு வருகிறவள். அவளுடைய வலது கை இப்போது முழங்கைவரை மாவுக்கட்டோடு, கழுத்தில் கட்டிய துணித் தூளியில் மூன்று வாரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

கதை சின்னதுதான். அவள் ஒரு புது மின்சாரக் கார் வாங்கினாள். நான்காம் நாள் சிக்னலில் பிரேக் பிடித்தாள். கார் நின்றது. அவள் உட்கார்ந்திருந்த சீட் நிற்கவில்லை. அவளையும் ஏற்றிக்கொண்டு தனியாக முன்னால் கிளம்பிவிட்டது. மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. மறுநாளே ஷோரூம்காரர்கள் "பாத்துட்டுச் சொல்றோம்" என்று வண்டியை எடுத்துப் போனார்கள். பார்த்தார்கள். சொன்னார்கள். "சீட் கெட்டியாத்தான் இருக்கு. நீங்கதான் லீவரைச் சரியாப் போடல." ஆதாரமாக ஒரு தாளை நீட்டினார்கள். 'நூற்று நாற்பத்திரண்டு அம்சங்களும் பரிசோதிக்கப்பட்ட வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.' அடியில் அவளுடைய கையெழுத்து.

வழக்குப் போடுவேன் என்றதும் ஷோரூமுக்குத் தாராள மனசு வந்துவிட்டது. வேறொரு புது வண்டி தருகிறோம் என்றார்கள். இன்று டெலிவரி. ஒரே ஒரு நிபந்தனை. முதல் வண்டியில் எந்தக் குறையும் இல்லை என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கார் உண்டு, வழக்கு செத்தது. போடாவிட்டால் வழக்கு உண்டு. ஆனால் காரும் இல்லை, கையில் ஒரு துண்டு ஆதாரமும் இல்லை.

"அன்னைக்கு ஒரே ஒரு தடவை படிச்சிருந்தா..." என்று ஆரம்பித்தான் கடுகு.

"அண்ணா, எலும்பு ரெண்டு இடத்துலதான் உடைஞ்சுது. இதை நீ இருபது தடவை சொல்லிட்ட," என்றாள் தங்கை. "பாப்பா பலூனைத் தூக்கிக்கிட்டு ரோட்டுப் பக்கம் ஓடினா. நான் அவளைப் பாத்துக்கிட்டே போட்டேன். நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"பலூனைப் பிடிச்சிருப்பேன். அப்புறம் வந்து படிச்சிருப்பேன்."

"ஓடினது பலூன் இல்ல அண்ணா. பொண்ணு."

டாக்சி ஓட்டுநர் வானொலியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். அனுபவசாலி.

ஷோரூம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே மீன் கெடாமல் வைக்கும் அளவுக்குக் குளிர். நடுவில் சிவப்பு வெல்வெட் துணி போர்த்திய கார் நின்றது. பக்கத்தில் ஓர் ஆள் நீளத்துக்கு அட்டைச் சாவி. வலது ஓரத்தில் சீருடையோடு நான்கு பேர் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு என்ன வேலை என்று டீச்சர் விசாரித்தார். கைதட்டும் வேலை. ஐந்தாவதாக ஒருவர் கழுத்தில் கேமராவோடு நின்றார். டெலிவரிப் புகைப்படக்காரர்.

மேனேஜர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார். கைகளில் பளீரென்ற வெள்ளைக் கையுறைகள்.

"வாங்க மேடம்! இந்த நாள் உங்க வாழ்க்கையில மறக்கவே முடியாத நாளா இருக்கணும்."

"போன தடவையே அப்படித்தான் பண்ணிக் குடுத்தீங்க," என்று தங்கை மாவுக்கட்டை உயர்த்திக் காட்டினாள்.

மேனேஜர் அதைப் பார்க்காத மாதிரி பார்த்தார். "கையெழுத்தை முடிச்சிடலாமா?"

"துணியை எடுங்க," என்றான் கடுகு.

"இல்ல சார். இங்க ஒரு வரிசை இருக்கு. முதல்ல கையெழுத்து. அப்புறம் துணி. அப்புறம் கைதட்டல். அப்புறம் போட்டோ."

"யோவ், செருப்பு வாங்கினாக்கூட கால்ல போட்டு நாலு எட்டு நடந்து பாத்துட்டுத்தான்யா வாங்குறோம்!"

சொல்லிக்கொண்டே வெல்வெட் துணியின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. துணி தரையில் விழுந்தது. வரிசையில் ஒருவர் பழக்க தோஷத்தில் கைதட்டிவிட்டார். மற்ற மூவரும் அவரை முறைத்தார்கள்.

கடுகு சட்டைப் பையிலிருந்து தன் விசிட்டிங் கார்டுக் கட்டை எடுத்தான். துப்பறிவதற்கு அவன் வைத்திருக்கும் ஒரே கருவி அதுதான். இடது முன்கதவுக்கும் காரின் உடம்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஒவ்வொன்றாகச் செருகினான். மூன்று கார்டு போனது. வலது பக்கம் போனான். ஏழு கார்டு போனது. எட்டாவதும் தயங்கித் தயங்கிப் போனது.

"இது என்ன கதவா, தபால் பெட்டியா?"

"காற்றோட்டம் சார்," என்றார் மேனேஜர்.

பின்கதவைச் சாத்தினான். அது மூடவில்லை. மறுபடி சாத்தினான். மூன்றாவது முறை கோபத்தில் அறைந்தபோது மூடிக்கொண்டது. ஆனால் சார்ஜ் போடும் இடத்தின் மூடி திறந்துகொண்டது. அதை அமுக்கினான். விரலை எடுத்ததும் கடன் கேட்க வந்த உறவுக்காரர் போல மறுபடி எட்டிப் பார்த்தது.

"பழகப் பழகச் சரியாயிரும் சார்."

"யாரு, மூடியா நானா?"

டீச்சர் பின்பக்க விளக்கை உற்றுப் பார்த்தார். உள்ளே நீர்த்துளிகள் வரிசையாகத் தொங்கின. "பாஸ், இதுல தண்ணி இருக்கு. மீன் மட்டும்தான் இன்னும் விடல."

"அது ஈரப்பதம் மேடம். அது டிசைன்."

கடுகின் காது மடல்கள் சிவந்தன. டீச்சர் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார். வழக்கமாக ஏழு எண்ணுவதற்குள் வெடித்துவிடுவான். ஆனால் நான்கிலேயே தங்கை குறுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணா. அந்த சீட்டைப் பாரு."

குரல் உயரவில்லை. அதனால்தான் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

கடுகு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, முட்டி போட்டு, தலையை சீட்டுக்கு அடியில் நுழைத்து, கைபேசி வெளிச்சத்தை அடித்தான். உயரம் குறைந்தவனுக்கு உலகம் சலுகை காட்டும் ஒரே இடம் அது. சீட்டைத் தரையோடு பிணைக்கும் நான்கு போல்ட்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் அழகாக ஒரு மஞ்சள் கோடு.

"பாத்தீங்களா?" மேனேஜரின் குரலில் தெம்பு வந்தது. "மஞ்சக் கோடு. டூல் வெச்சு முழுசா இறுக்கின பிறகுதான் அந்தப் பேனாவால கோடு போடுவோம். கம்பெனி விதி. கோடு இருந்தா இறுக்கியாச்சுன்னு அர்த்தம்."

சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. டீச்சர் கடுகின் கத்தலுக்குப் பயந்ததில்லை. இந்த மௌனத்துக்குத்தான் பயம்.

கடுகு வெளியே வந்தான். எழுந்து நின்றான். உள்ளங்கையை விரித்தான். அதில் ஒரு போல்ட்.

"ரெண்டு விரல்," என்றான். "ரெண்டே விரலால திருகினேன். ஜாம் பாட்டில் மூடி மாதிரி வந்துது. கோடு இருக்குய்யா. இறுக்கம் எங்க?"

தங்கை அந்த போல்ட்டை இடது கையால் எடுத்துப் பார்த்தாள். "என் பொண்ணு எப்பவும் எனக்குப் பின்னாடிதான் உக்காருவா," என்றாள். "போன தடவை சீட் முன்னாடி போச்சு. இது பின்னாடி சாஞ்சிருந்தா அவ மேல விழுந்திருக்கும். நான் கையெழுத்துப் போட்டுட்டு, நாலு பேர் கைதட்ட, சிரிச்சுக்கிட்டே போட்டோவுக்கு நின்னுட்டு, அவளைக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

கைதட்டும் நால்வரும் தங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

கடுகு தன் விரல் நுனியைப் பார்த்தான். மஞ்சள் ஒட்டியிருந்தது. தேய்த்தான். பரவியது. "இன்னும் காயவே இல்ல. இன்னைக்குக் காலையில போட்ட கோடு."

"மனுஷத் தவறு சார்," மேனேஜர் வேகமாகச் சொன்னார். "செக் பண்ணினவன் கவனக்குறைவு. இதோ அவன் போட்ட லிஸ்ட். இன்னைக்கே அவனைத் தூக்கிடறேன். உங்க கண்ணு முன்னாலயே தூக்கறேன்."

நீட்டிய தாளைக் கடுகு பிடுங்கினான். நூற்று நாற்பத்திரண்டு வரிகள். நூற்று நாற்பத்திரண்டு டிக். அடியில் சிட்டுக்குருவி உட்கார்ந்த மாதிரி ஒரு கையெழுத்து.

"யாருய்யா இந்தச் சிட்டுக்குருவி? எங்க இருக்கான்?"

"ஒரு நிமிஷம் பாஸ்." டீச்சர் தாளை வாங்கினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைத் திறக்காமல், டிக்குகளின் மேல் மெதுவாக ஓட்டினார். வேலையை விட்டு ஆறு வருடம் ஆகியும் அந்தப் பேனா அவரை விடவில்லை.

"ஒவ்வொண்ணாப் படிச்சுப் படிச்சு டிக் போட்டா கை நடுவுல நிக்கும். ஒண்ணு மேல ஏறும், ஒண்ணு கீழ இறங்கும். இதைப் பாருங்க. காத்துல மழை சாஞ்ச மாதிரி எல்லாம் ஒரே சாய்வு. இது படிக்காம போட்ட டிக்."

"எப்படிச் சொல்றீங்க?"

"நான் போட்டிருக்கேன்."

கடுகு அவரைப் பார்த்தான்.

"நாலு நாள்ல அறுநூறு விடைத்தாள் திருத்தச் சொன்னாங்க. மூணாவது நாள் படிக்கிறதை நிறுத்திட்டேன். டிக், டிக், பெருக்கல், டிக். ஒரு பொண்ணோட அம்மா அவ தாளைக் கொண்டு வந்து காட்டினாங்க. நான் பெருக்கல் போட்ட இடத்துல சரியான விடை இருந்துது." டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்தார். "அன்னைக்குத்தான் சாக்பீஸை வெச்சேன். அதை விடுங்க. இங்க மூணு இடத்துல மட்டும் கை நின்னிருக்கு."

"எங்க?"

"இந்த மூணு டிக்கு மட்டும் நேரா இருக்கு. அழுத்திப் போட்டதுல பேப்பர் பின்னாடி புடைச்சிருக்கு. முப்பத்தேழாவது வரி. எஞ்சின் ஆயில் அளவு, சரி. எண்பத்தொண்ணு. புகைக்குழாய் இறுக்கம், சரி. நூத்திப் பதினாறு. பெட்ரோல் டேங்க் மூடி, சரி."

கடுகு திரும்பிக் காரைப் பார்த்தான்.

"டீச்சர்," என்றான் கடுகு நிதானமாக, "இது மின்சாரக் கார்."

"துப்பறிஞ்சிட்டீங்க பாஸ்."

"அது பெட்ரோல் வண்டிக்கும் சேர்த்து அடிச்ச பழைய ஃபாரம் சார்," மேனேஜர் சிரிக்க முயன்றார். "பொருந்தாதுன்னு கோடு கிழிக்கணும். மறந்திருப்பான் முட்டாள்."

அதற்குள் ஏழு எண்ணி முடிந்திருந்தது. கடுகு வெடித்தான். "இல்லாத எஞ்சின்ல இல்லாத ஆயிலைப் பாத்தவன் எங்கடா?" என்று கத்திக்கொண்டே பின்வாசலை நோக்கி ஓடினான். தங்கையும் டீச்சரும் பின்னால் போனார்கள். மேனேஜர் வரவில்லை.

பின்னாலிருந்த கொட்டகையில் துணி போர்த்தாத கார்கள் வரிசையாக நின்றன. ஒன்றின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"எலக்ட்ரிக் கார்ல எஞ்சின் ஆயில் செக் பண்ணின மகா மேதை யாருய்யா?"

கால்கள் உள்ளே போய், மறுபக்கத்தில் ஒரு மனிதர் எழுந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. மூக்குக் கண்ணாடியின் ஒரு காதுக்குப் பதில் நூல் கட்டியிருந்தது. மெக்கானிக் பயப்படவில்லை. மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கையிலிருந்த ஸ்பானரை மெல்ல வைத்தார்.

"அந்தத் தாளைப் படிச்சீங்களா?"

"என்னது?"

"கேக்கறேன் சார். படிச்சீங்களா?"

"படிச்சோம்யா! ஒவ்வொரு வரியும் படிச்சோம்!"

மெக்கானிக் பக்கத்திலிருந்த டயர்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். "இருநூத்திப் பதினோரு வண்டி," என்றார். "அஞ்சு மாசம். இருநூத்திப் பதினோரு பேர் அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காங்க. டாக்டருங்க, வக்கீலுங்க, ஒரு நீதிபதி. ஒருத்தர்கூட எஞ்சின் ஆயில் எங்கடான்னு கேக்கல. நீங்கதான் சார் முதல் ஆளு."

கடுகு வெடிக்கத் திறந்த வாயை மூடினான். அபூர்வமான காட்சி.

"வேணும்னே போட்டீங்களா?" டீச்சர் கேட்டார்.

"வேற என்ன பண்றது? ஒரு வண்டியைப் பாக்க மூணு மணி நேரம் வேணும். முதல்ல ஒரு மணி நேரம் குடுத்தாங்க. அப்புறம் ஒன்பது நிமிஷம். இப்ப வண்டியே வர்றதில்ல, பேப்பர் மட்டும் வருது. நீங்க பாத்த வண்டியை இன்னும் நான் கண்ணால பாக்கல. டிக் போடு, இல்லன்னா கிளம்புன்னாரு மேனேஜர். வீட்ல எனக்குப் படுத்த படுக்கையா அப்பா இருக்காரு. போட்டேன். பொய்தான் சொல்லணும்னு ஆயிடுச்சு, பாத்தவுடனே பொய்யுன்னு தெரியற மாதிரிச் சொல்லுவோம்னு நெனச்சேன். யாராவது ஒருத்தர் கேட்டா, வண்டியையே நான் பாக்கலைங்கன்னு சொல்லிடலாம்."

"கேக்கலைன்னா?" என்றாள் தங்கை.

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் மாவுக்கட்டு அவர் கண்ணில் பட்டது.

"நாலாவது நாள் சீட் கழண்டு போச்சு. சிக்னல்ல. உங்க டிக்கு புத்திசாலித்தனமா இருக்கு, ரொம்ப ரசிச்சேன்." அவள் ஓரடி முன்னால் வந்தாள். "ஆனா வாயால சொல்லியிருக்கலாமே. வாசல்ல நின்னு ஒரே ஒரு வார்த்தை. நான் கையெழுத்துப் போட்டப்போ நீங்க இங்கதானே இருந்திருப்பீங்க?"

மெக்கானிக் நூல் கட்டிய கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டவில்லை.

"சொல்லியிருக்கணும்மா," என்றார். எழுந்துபோய்ச் சாமான் அலமாரியின் அடித்தட்டிலிருந்து சணல் கயிறு கட்டிய ஒரு காகிதக் கட்டைத் தூக்கி வந்தார். "ஒவ்வொண்ணையும் ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கேன். கையெழுத்து வாங்கின பிறகு. உங்களோடதும் இருக்கும்."

இருந்தது. தங்கையின் முதல் வண்டி. காற்றில் சாய்ந்த மழை. நடுவில் அழுத்திப் போட்ட மூன்று டிக். அடியில் பாதியில் வேறெங்கோ திரும்பிப் பார்த்தவளின் கோணலான கையெழுத்து. தங்கை அந்தத் தாளைக் கடுகின் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவன் வழக்கமான வசனத்தைச் சொல்லவில்லை.

"மஞ்சக் கோடும் நீங்க போட்டதுதானா?" என்று மட்டும் கேட்டான்.

"இல்ல சார்." மெக்கானிக் இரண்டு கைகளையும் விரித்தார். கிரீஸும் கரியுமாகக் கறுப்பு. மஞ்சள் ஒரு பொட்டுக்கூட இல்லை. "தரையில மேட் போட சீட்டைக் கழட்டுவாங்க. திருப்பி மாட்டும்போது கையால முறுக்கி விட்டுடுவாங்க. டூல் வெச்சு இறுக்கிட்டுத்தான் அந்தக் கோடு போடணும். டிக்கு பேப்பர்ல போடறது. கோடு போல்ட்ல போடறது. அதை மட்டும் என்னால முடியாதுன்னுட்டேன். அதனால அந்தப் பேனாவையே என்கிட்ட இருந்து வாங்கிட்டாங்க."

"யாரு?"

மெக்கானிக் ஷோரூமின் கண்ணாடிச் சுவரைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் இரண்டு வெள்ளைக் கையுறைகள் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தன.

கடுகு திரும்பி வந்தபோது அவன் முகத்தில் புன்னகை இருந்தது. டீச்சர் எச்சரிக்கையாக இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"பேசி முடிச்சாச்சு சார்," என்றான் தேன் ஒழுக. "தப்பு மெக்கானிக் மேலதான். நாம கையெழுத்தை முடிச்சிடலாம்."

மேனேஜர் முகத்தில் ரத்தம் திரும்பியது. "உங்களை மாதிரி புரிஞ்சுக்கிறவங்க இருந்தா..."

"ஆனா இங்க 'ஒப்படைப்பவர்'னு ஒரு இடம் காலியா இருக்கே. முதல்ல நீங்க போடுங்க. கையுறையைக் கழட்டிட்டுப் போடுங்க. பேனா வழுக்கினா அப்புறம் இது என் கையெழுத்தே இல்லம்பீங்க."

"இல்ல சார், இது எங்க மரபு. கையுறையோடதான்..."

"கையில ஏதாவது பிரச்சனையா?" தங்கை முன்னால் வந்தாள். "காட்டுங்க. என் தொழிலே அதுதான்."

மேனேஜர் கையை இழுப்பதற்குள் அவளுடைய இடது கை அவர் மணிக்கட்டைப் பற்றியது. கட்டைவிரலால் எலும்புக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் அமுக்கினாள். மூடியிருந்த ஐந்து விரல்களும் அவரைக் கேட்காமலே பூ மாதிரி விரிந்தன. இருபது வருடம் மூடிய கைகளைத் திறந்து பழகியவள் அவள். கடுகு கையுறையின் நுனியைப் பிடித்து, சற்றுமுன் வெல்வெட் துணியை இழுத்த அதே வேகத்தில் இழுத்தான்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மஞ்சள். நகக்கண்வரை மஞ்சள்.

"சோப்புப் போட்டும் போகலியா சார்?" என்றார் டீச்சர். "நல்ல மை. வண்டியில அது ஒண்ணுதான் கெட்டியா ஒட்டியிருக்கு."

வரிசையில் அதே ஆள் கைதட்டினார். இந்த முறை யாரும் முறைக்கவில்லை. பளிச்சென்று ஒரு வெளிச்சம். புகைப்படக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார். "பழக்கம் சார்," என்றார் மேனேஜரிடம். "கைதட்டல் வந்தா எடுத்துடுவேன்."

"துணி எடுத்தாச்சு. கைதட்டியாச்சு. போட்டோ எடுத்தாச்சு," என்றாள் தங்கை. மேனேஜரின் கையை விட்டாள். நிபந்தனைத் தாளை இடது கையால் இரண்டாகக் கிழிக்கப் பார்த்தாள். ஒரு கையால் முடியவில்லை. பின்னாலேயே வந்திருந்த மெக்கானிக் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கிழிந்தது. "கையெழுத்து மட்டும் கிடையாது."

மேனேஜர் ஏதேதோ சொன்னார். வக்கீல், மானநஷ்டம், தலைமை அலுவலகம். அதைக் கேட்கக் கைதட்டுபவர்கள்கூட நிற்கவில்லை.

வாசலுக்கு நடக்கும்போது மணி பன்னிரண்டு. மெக்கானிக் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். யார் கேட்டாலும் இனி வாயாலேயே சொல்வதாகவும் சொல்லியிருந்தார். தங்கை காகிதக் கட்டைத் தூளிக்கும் மார்புக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு டாக்சியை நோக்கி வேகமாக முன்னால் போய்விட்டாள்.

கடுகின் கோபம் இன்னும் அடங்கவில்லை. "இருநூத்திப் பதினோரு பேர் டீச்சர்! படிச்சவங்க! ஒரு நிமிஷம் கீழ குனிஞ்சு பாக்கறதுக்கு என்ன கேடு? இந்த மாதிரி மேனேஜருங்க ஊர்ல கொழுக்கிறதுக்குக் காரணமே..."

"சார்," வாசல் காவலாளி தடித்த நோட்டு ஒன்றை நீட்டினார். "வெளிய போறவங்க இங்க ஒரு கையெழுத்து."

அதே நேரத்தில் தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வர ஆரம்பித்தது. டாக்சியின் தெருப்பக்கக் கதவை இடது கையால் திறக்க முடியாமல் தங்கை திரும்பி நின்று போராடிக்கொண்டிருந்தாள். இடுக்கிய கட்டு நழுவியது. அதைப் பிடிக்கக் குனிந்தாள். லாரியை அவள் பார்க்கவில்லை.

கடுகு பேனாவை வாங்கினான். கண் தெருவில் இருந்தது. கை நோட்டில் இருந்தது. ஒரு கிறுக்கு. பேனா உருண்டு தரையில் விழும் முன்பே அவன் பாதித் தூரம் போயிருந்தான். லாரியின் பின்பக்கத்தில் ஓங்கி அறைந்து நிறுத்தினான். ஓட்டுநரைத் தாத்தா காலம்வரை திட்டினான். கட்டைப் பொறுக்கினான். கதவைத் திறந்து, தங்கையின் தலை இடிக்காமல் மேலே தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டான்.

டீச்சர் குனிந்து பேனாவை எடுத்துக் காவலாளியிடம் கொடுத்தார். பிறகு, பழக்கம் விடாது அல்லவா, நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். பக்கத்தின் தலையில் அழகான அச்செழுத்தில் இருந்தது:

'இன்று எனக்கு வழங்கப்பட்ட சேவையில் முழுத் திருப்தி அடைந்தேன். குறை ஏதும் இல்லை.'

கீழே வரிசையாக இருபது பேரின் கையெழுத்து. கடைசியாக, பாதியில் வேறெங்கோ திரும்பிப் பார்த்தவனுடைய கோணலான ஒன்று. மை இன்னும் காயவில்லை.

"டீச்சர்! வர்றீங்களா இல்லியா?" தெருவிலிருந்து கத்தினான் கடுகு.

"வந்துட்டேன் பாஸ்," என்றார் டீச்சர். கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவைத் தேடினார்.